ஆவுடைத்தங்கத்தின் வெள்ளை அணு

ஆவுடைத்தங்கத்தின் வலது கட்டைவிரலில் மூங்கில் சிலாம்பு ஏறிய மூன்றாம் நாள் காலை, விரல் நுங்கு மாதிரி வீங்கி, வலி தோள்பட்டை வரை ஏறி, அவள் கஞ்சிக் கும்பாவை இடது கையால் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது, சிலாம்பு ஏறிய வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று, வெந்த ஜவ்வரிசி அளவுக்கு, பிதுங்கி வெளியே வந்து, மணிக்கட்டில் வழிந்து, தரையில் இறங்கி, அங்கே கிடந்த அவள் புருஷன் அணைந்தபெருமாளின் செருப்பை நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் தெருவுக்குப் போனது. மத்தியானத்துக்குள் அது பூனை அளவு. விளக்கு வைக்கிற நேரத்தில் கன்றுக்குட்டி. மறுநாள் விடிந்ததும் பால்காரர் எருமைதான் குறுக்கே படுத்திருக்கிறது என்று நினைத்து ஓரமாகத் தட்டப் போனார். கை முழங்கை வரை உள்ளே போய்விட்டது. உருவி எடுத்துப் பார்த்தால் பத்து வருஷமாக ஆறாத சொறி இருந்த இடம் தெரியவில்லை. "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போனார். அரளிக்குறிச்சி அப்படிப்பட்ட ஊர். எதற்கும் சட்டென்று வாயைப் பிளக்கமாட்டார்கள்; முதலில் அதனால் என்ன பிரயோஜனம் என்று பார்ப்பார்கள்.

ஆவுடைத்தங்கம் பந்தல்காரி. கல்யாணமோ, சடங்கோ, சாவோ, கட்சிக்கூட்டமோ, அந்த வட்டாரத்தில் எல்லாம் அவள் போட்ட முடிச்சுக்குக் கீழேதான் நடக்கும். அதில் பெரிய வேலை சித்திரை மாதக் கோயில் கொடை. உச்சினிமாகாளி அம்மன் உச்சிப்பொழுதில் சப்பரமேறி ஏழு தெரு சுற்றுவாள். அவள் மேல் ஒரு பொட்டு வெயில் படக்கூடாது. என்றைக்கோ ஒரு வருஷம் பட்டு, அம்மனுக்கு வேர்க்குரு போட்டு, அந்தக் கோபத்தில் ஊர்க்கிணறு வற்றிப்போனதாகப் பேச்சு. ஏழு தெருவுக்கும் பந்தல் போட ஆயிரத்து ஐந்நூறு மூங்கில் வேண்டும். தங்கத்திடம் இருப்பது இருநூற்று நாற்பது. அதனால் சப்பரம் நகர நகர, அம்மன் தாண்டி வந்த பந்தல்காலைப் பின்னால் பிடுங்கி, சப்பரத்துக்கு முன்னால் ஓடி நட்டு, தட்டியைப் பின்னால் உருவி முன்னால் வேய்ந்து, இப்படியே அவளும் அவள் ஆட்களும் பந்தலையே ஏழு தெருவுக்கும் நடத்திக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். இருக்கும்வரை யானை இழுத்தாலும் அசையக்கூடாது, வேண்டாமென்றால் கட்டைவிரலால் ஒரு சுண்டு. ஒரு முடிச்சு சிக்கினால் அம்மன் வெயிலில் நிற்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு முடிச்சும் சிக்கியதில்லை. அதனால் தங்கத்துக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

கொடைக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. கட்டைவிரல் இல்லாமல் அந்த முடிச்சைப் போடவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. அவள் ஆட்களுக்கு நடத் தெரியும், தூக்கத் தெரியும்; முடிச்சு அவள் ஒருத்திக்குத்தான்.

வந்தது என்னவென்று சொன்னவர் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிற எபநேசர். பதினெட்டு வருஷமாக ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் நுண்ணோக்கியைப் பார்த்துப் பார்த்து, தெருவில் நடக்கும்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே நடக்கிறவர். அவர் அன்றைக்கு இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு வந்தார்.

"யக்கா, இது உங்க ரத்தத்துல உள்ள வெள்ளையணு. தினமும் இதைத்தான் எண்ணுதேன். கிருமியோ சிலாம்போ உள்ள வந்துட்டா மோப்பம் புடிச்சுப் போயி முழுங்குதது இதோட சோலி. ஒரு பொட்டுக்குள்ள ஆயிரம் கெடக்கும். இது என்னமோ கொஞ்சம் வளத்தியாப் போயிட்டு."

"உள்ள இருக்க வேண்டியது வெளிய எதுக்கு வந்துச்சாம்?"

"வழி தப்பியிருக்கும். நம்மூர் பஸ்ஸுல ஏறுத சனம் எடம் மாறி எறங்குததில்லையா?"

தங்கம் கிட்டப் போய்ப் பார்த்தாள். அதன் உடம்பு கஞ்சித்தண்ணீர்போல அரைகுறையாகத் தெரிந்தது. உள்ளே எலும்பு இல்லை. மூங்கில் மாதிரி மெல்லிய கோல்கள், ஆயிரம் பதினாயிரம், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி நின்றன. அது நகரப் பார்த்தபோது முன்பக்கத்தில் கோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு தோலை முன்னே தள்ளின; அதே நேரத்தில் பின்பக்கத்துக் கோல்கள் சடசடவென்று அவிழ்ந்து, ஒன்றையொன்று முந்திக்கொண்டு முன்னால் ஓடின; பின்வால் தளர்ந்து இழுபட்டு வந்து சேர்ந்தது.

"ஏ, இது என் முடிச்சுல்லா!" என்றாள்.

"எல்லா வெள்ளையணுவும் இப்பிடித்தாங்கா. கட்டும், பிரிக்கும், கட்டும். பிரிக்க முடியலைன்னா நகரவே முடியாது. அங்கனயே கெடந்துரும்."

அன்றைக்கெல்லாம் தங்கம், தான் அந்த வேலையை ரத்தத்துக்குக் கற்றுக்கொடுத்ததா, ரத்தம் தனக்குக் கற்றுக்கொடுத்ததா என்று யோசித்து, கடைசியில் கற்றுக்கொடுத்தது தானே என்று முடிவுசெய்தாள்.

உடம்புக்குள் இருந்தபோது ஓயாமல் சுற்றி வந்த பழக்கம் வெள்ளையணுவை விடவில்லை. விடிந்ததும் கிளம்பி ஏழு தெருவும் சுற்றும். எங்கே நாற்றமோ, எங்கே புண்ணோ, எங்கே சீழோ அங்கே நேரே போகும். பள்ளிக்கூடத்து மைதானத்தில் புதைந்த கண்ணாடிச் சில்லெல்லாம் பொறுக்கி விழுங்கியது, சாக்கடையின் புழுவை விழுங்கியது, நாய்களைப் பிடித்து நிறுத்தி உண்ணி எடுத்தது. மேலத்தெருவில் பிள்ளை பெற்று ஜன்னி கண்டு படுத்திருந்த மரியசெல்வத்தின் வீடு பூட்டியிருந்தபோது, எருமை அளவு உடம்பைக் கயிறாக இழுத்துச் சாவித்துளை வழியாக உள்ளே நுழைந்து, அவள் வயிற்றின்மேல் ஒருமணி நேரம் உட்கார்ந்துவிட்டு அதே துளை வழியாக வெளியே வந்தது. அந்தச் சாவித்துளைக்கு இன்றைக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கிறார்கள். மனுஷரை ஒன்றும் செய்யாது. எதிரே வந்தால் ஒரு கை நீட்டி, முகத்திலும் தோளிலும் வைத்து, கொஞ்ச நேரம் தடவிப் பார்க்கும். நம்ம ஆள்தான் என்று தெரிந்தால் விட்டுவிடும். வெளியூர் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவரை மட்டும் அரைமணி நேரம் தடவியது. அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

ஊர் அதைத் தன் வழக்கப்படி உள்ளே சேர்த்துக்கொண்டது. டீக்கடைக்காரர் அது தாண்டிப் போகும்போது பெஞ்சில் இருப்பவர்களைக் காலைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். கோயில் கமிட்டியில் அது சைவமா அசைவமா என்று மூன்று நாள் சண்டை நடந்து, செத்த எலியைத் தின்றாலும் உயிருள்ள எலியைத் தொடாததால் பாதிச் சைவம் என்று தீர்மானம் போட்டார்கள். மினிபஸ் கண்டக்டர் அது சுருங்கி உட்காருவதால் அரை டிக்கெட் போட்டார். கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர் குடும்பத் தலைவிக்கு என்ன உறவு என்ற இடத்தில் நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'மகள்' என்று எழுதிக்கொண்டு போனார். அணைந்தபெருமாள் அதன் நிழல் குளிர்ச்சியாக இருக்கிறதென்று அதனடியில் படுத்து, அது போய்விட்ட பிறகும் வெயிலில் தூங்கினார்.

ஆனால் பொழுது சாய்ந்ததும் அது எங்கிருந்தாலும் தங்கத்தின் வாசலுக்கு வந்துவிடும். வந்து, ஒரு நுனியை ஊசியாக்கி, கட்டைவிரல் புண்ணுக்குள் விட்டு, உள்ளே எலும்போரம் முறிந்து நிற்கிற சிலாம்பை அரிசியளவு, அரிசியளவாகக் கரைக்கும். அந்த நேரம் மட்டும்தான் அவளுக்கு வலி இருக்காது. விரலில் ஏறியிருந்த கறுப்பு நாளுக்கு ஒரு நகக்கண் அளவு குறைந்தது.

"கொடைக்குள்ள சரியாயிருமா தம்பி?" என்று எபநேசரைக் கேட்டாள்.

"ஆயிரும். ஆனா ஒண்ணு, யக்கா. சிலாம்பு தீந்துட்டுன்னா அதுவும் தீந்துரும். வெள்ளையணுவுக்கு ஆயுசே நாலஞ்சு நாளு. இது சோலி முடியலைன்னுதான் இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

மறுநாள் சாயங்காலம் அது வந்தபோது தங்கம், தனக்கே காரணம் சொல்லத் தெரியாமல், விரலைக் கொஞ்சம் தாமதமாக நீட்டினாள்.

இப்போது பலவேசம் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரூராட்சித் தலைவர். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆனால் சிமெண்டு பூசாத எதையும் நம்பமாட்டார். மூன்று முறை தலைவராக இருந்து, ஊருக்கு நாலு நுழைவாயில் வளைவும், மழையில் நனையாமல் வளைவுக்கு வளைவு ஒரு கூரையும் கட்டியவர். அவர் ஒருநாள் வெள்ளையணு தெருமுனையில் திரும்புவதை அருகில் நின்று பார்த்தார். பின்னால் கோல்கள் அவிழ்ந்து சரிவதைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துவிட்டார்.

"அட பாவியளா, இடிஞ்சு விழுதே! ஊருக்கு இவ்வளவு செய்யுத ஒண்ண இப்பிடித் தொளதொளன்னா விட்டு வச்சிருக்கிய? நாளைக்கு ஒரு காத்தடிச்சா என்ன ஆவும்?"

ஊர் ஆமாம் என்றது. எதன்மேலாவது அன்பு வந்துவிட்டால் அரளிக்குறிச்சிக்கு அதை நிலையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை பாராட்டு விழா என்று நோட்டீஸ் அடித்தார்கள். பஸ்நிலையத்தில் மேடை; மேடைக்குப் பின்னால் பெரிய திரை; திரைக்குப் பின்னால் இரண்டு கூடை அழுகின மீனை வைத்து வெள்ளையணுவை வரவழைத்திருந்தார்கள். தங்கத்தை மேடை நடுவில் உட்காரவைத்து, பொன்னாடை போட்டு, 'அணுவின் அன்னை' என்று பட்டம் கொடுத்தார்கள். அவளுக்கு வாயெல்லாம் பல். பேச்சு நாலுமணி நேரம் நடந்தது. பின்னால் என்னவோ தட்டுகிற சத்தம் கேட்டபடி இருந்தது. நாற்காலி போடுகிறார்கள் என்று நினைத்தாள். திரை விலகியது.

எட்டுக் கொத்தனார்கள் வேர்த்துப்போய் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தின்னத் தின்ன வளர்ந்திருந்த வெள்ளையணு, இரண்டு மாடி உயரத்துக்கு, கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. உள்ளே ஒவ்வொரு முடிச்சையும் கட்டுக்கம்பியால் முறுக்கி, கோலோடு கோலாக முறுக்குக்கம்பி செருகி, அடியில் தளம் போட்டு, சுற்றிலும் மண்டபத்துக்குக் கால் எழுப்பியிருந்தார்கள். கொத்தனார்கள் உள்ளே போனபோது அது ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்திருக்கிறது. நம்ம ஆட்கள் என்று தெரிந்துகொண்டு பேசாமல் நின்றிருக்கிறது. ஊரே கைதட்டியது. தங்கமும், வலது கை முடியாததால் இடது கையால் தொடையில் தட்டினாள். அந்தத் தட்டலை நினைத்து அவள் பின்னால் எத்தனையோ நாள் தன்னையே வைதுகொண்டாள்.

அன்று பொழுது சாய்ந்தது. அது வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. பஸ்நிலையத்தில் மாலையும் ஊதுபத்தியுமாக நின்றது. முன்பக்கத்தில் ஒரு இடம் மட்டும் எப்போதாவது தங்கத்தின் வீடு இருக்கிற திசையில் லேசாகத் துடிக்கும்; பக்தர்கள் அதை அருள் என்றார்கள். சாக்கடையில் புழு திரும்ப வந்தது. நாய்கள் சொறிந்தன. பால்காரர் ஒரு கையால் பால் ஊற்றி மறுகையால் சொறிந்தார். சந்தைப்பேட்டையில் பாதிச் சனத்துக்குக் காய்ச்சல். யாராவது முனகினால், "சாமியாயிட்ட பொறவு அதுகிட்டப் போயி சோலி செய்யச் சொல்லலாமாவே?" என்று கேட்டு அடக்கினார்கள். தங்கத்தின் விரலில் கறுப்பு கணுவைத் தாண்டியது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வந்துருங்கம்மா, விரலை எடுத்துருவோம். விட்டா கை போயிரும்" என்றார். கொடை அடுத்த செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை உச்சிவெயிலில் தங்கம் இடுப்பில் கம்பி அவிழ்க்கிற குறடு ஒன்றைச் செருகிக்கொண்டு பஸ்நிலையத்துக்குப் போனாள். பலவேசம் அண்ணாச்சி மண்டபத்துக்குச் சாந்து பூசுவதை நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாகவே அவர் நின்றபடிதான் எல்லாம் பார்க்கிறார். கூட்டத்துக்குக்கூட நின்றே தலைமை தாங்கினார்.

"அண்ணாச்சி, நான் அதை அவுக்கப் போறேன்."

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா உனக்கு? எவ்வளவு உறுதியா நிக்கி பாரு! நீ அவுத்தா போயிரும்லா?"

"போவத்தானே செய்யணும். அது நடக்கப் பொறந்தது."

பலவேசம் அங்கே நின்ற எபநேசரைப் பார்த்தார். "வே, நீரு சொல்லும். இப்பிடியே நின்னா இது சாவாதுல்லா?"

எபநேசர் ஒரு கண்ணை மூடினார், திறந்தார். "சாவாது அண்ணாச்சி. எதையும் முழுங்காது, எங்கயும் போவாது, சாவவும் செய்யாது. அவுத்துவிட்டா சோலியப் பாக்கும். சோலி முடிஞ்சா சீழாப் போயிரும்."

"கேட்டியா தங்கம்? நீதானே பெத்தவ. உன் கையாலயே கொல்லப் போறியா?"

தங்கம் அதை நிமிர்ந்து பார்த்தாள். விரலுக்காகத்தான் வந்தாள், பொய் சொல்வானேன். ஆனால் அந்தத் துடிக்கிற இடத்தைப் பார்த்தபோது விரல் மறந்துபோனது. ஏழு நாளாக அது ஒரு அடி எடுத்துவைக்கப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. ஒரு முடிச்சு அவிழவில்லை. சிக்கின முடிச்சைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடியாது.

"இருபத்திரண்டு வருசமா பந்தல் போடுதேன் அண்ணாச்சி. நான் கட்டுன பந்தல் ஒண்ணாச்சும் இன்னைக்கு நிக்கா? ஒண்ணுங் கிடையாது. உங்க மவ கல்யாணப் பந்தலையும் மறுநாளே பிரிச்சேன். அதுக்காவ அவ கல்யாணம் நடக்கலன்னு ஆயிருமா?"

சொல்லிவிட்டு, வெள்ளையணுவின் உடம்புக்குள் புகுந்தாள். உள்ளே வெதுவெதுப்பாக, வடித்த கஞ்சி வாசனையாக இருந்தது. பின்பக்கத்துக் கடைசிக் கோலிலிருந்து தொடங்கினாள். பின்னால் அவிழாமல் முன்னால் கட்ட முடியாது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது கையில் குறடு, அது வழுக்கினால் பல். ஒரு கம்பியைக் கடித்து முறுக்கு எடுக்க ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆயிற்று. இன்னும் பதினாயிரம் இருந்தன.

ஊர் வெளியே நின்று பார்த்தது. முதலில் பால்காரர் வந்தார். "சொறி தாங்கலம்மா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிள் குறட்டோடு உள்ளே நுழைந்தார். பிறகு மரியசெல்வம் பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு காய்ச்சல்காரர்கள், புண்காரர்கள், இருமல்காரர்கள், மினிபஸ் கண்டக்டர், இரண்டு கொத்தனார்கள். அவரவருக்கு அவரவர் அரிப்பு. மூன்று மணிக்குள் அரளிக்குறிச்சியில் குறடு கிடைக்கவில்லை, பாக்குவெட்டியோடு வந்தார்கள். கடைசியில் பலவேசம் அண்ணாச்சி மட்டும் வெளியே தனியாக நின்றார். பின்பு வேட்டியைப் பின்னால் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, "ஏட்டி தங்கம், உக்கார முடியாத எடத்துல ஒரு கட்டி, ஒரு வாரமாச்சு. எனக்கும் ஒரு குறடு கொடு. ஆனா மண்டபத்துல கை வச்சிராதிய" என்றார்.

ஐந்து மணிக்குக் கடைசிக் கம்பி விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்பக்கத்தில் ஒரு கோல் தானாகச் சாய்ந்து, விழுந்து, முன்னால் ஓடிப்போய் நட்டுக்கொண்டது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. வெள்ளையணு மண்டபத்துக் கால்களுக்கு நடுவே கயிறாக இழுபட்டு வெளியே வந்தது. சாயங்காலம் நெருங்கிவிட்டாலும் அது நேரே தங்கத்திடம் வரவில்லை. வரிசையாகக் கூட்டத்தைத் தடவிக்கொண்டே போனது. காய்ச்சல்காரர் நெற்றியில் ஒரு கணம், பால்காரர் கையில் ஒரு கணம், பலவேசம் அண்ணாச்சி விஷயத்தில் ஊர் மரியாதையாக வேறுபக்கம் பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான், பொழுது சாய்கிற நேரத்துக்குச் சரியாக, அவள் முன்னால் வந்து நின்றது.

தங்கம் விரலைத் தாமதிக்காமல் நீட்டினாள்.

இந்த முறை அது நுனியை மட்டும் விடவில்லை. உடம்பையே நூலாக்கி முழுசாக உள்ளே போனது. நெடுநேரம் ஆயிற்று. விரலின் கறுப்பு மணிக்கட்டுப் பக்கமிருந்து வடிந்து, கணு கடந்து, நகத்துக்கு வந்து, நகத்திலிருந்தும் போயிற்று. பிறகு அது வெளியே வழிந்தது, எள்ளளவு கறுத்த சிலாம்புத் துணுக்கு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. முதல் நாள் அவள் விரலிலிருந்து பிதுங்கி வந்த அளவுக்கு, வெந்த ஜவ்வரிசி அளவுக்கு, அது ஆகியிருந்தது. உள்ளே கோல்கள் பின்னால் ஒவ்வொன்றாக அவிழ்வது தெரிந்தது. ஊர் முழுக்கக் குனிந்து, முன்னால் அவை கட்டிக்கொள்வதற்காகக் காத்திருந்தது. கட்டவில்லை. கடைசி வேலை முடிந்தால் பந்தலை எப்படிப் பிரிப்பார்களோ அப்படி, அவசரமில்லாமல், ஒரு கோல் விடாமல் பிரித்துவிட்டது. தங்கத்தின் உள்ளங்கையில் ஒரு சொட்டு மஞ்சள் சீழ் மிஞ்சியது.

அவள் வாய்விட்டு அழுதாள். "என் தாயி, என் தாயி" என்று அழுதாள். கோயில் கமிட்டி அதை வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துக்கொடுக்கும்படி கேட்டது. "சீழை யாராச்சும் கிண்ணத்துல வைப்பாவளா?" என்று மூக்கைச் சிந்திவிட்டு, தெருக்குழாயைத் திறந்து கையைக் கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை கொடை. உச்சிப்பொழுதில் உச்சினிமாகாளி சப்பரமேறினாள். இருநூற்று நாற்பது மூங்கிலும் பின்னால் பிடுங்கி முன்னால் நட்டு, பின்னால் பிடுங்கி முன்னால் நட்டு, ஆறு தெரு கடந்து பஸ்நிலையத்துக்கு வந்தன. அங்கே மண்டபம் வழியை அடைத்துக்கொண்டு, உள்ளே சாமி இல்லாமல், தொட்டால் சுடுகிற சூட்டில் நின்றது. அதை நகரச் சொல்ல முடியாது. அம்மன் ஒதுங்கிக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பினாள். பந்தலும் கூடவே வளைந்து திரும்பிற்று. மண்டபத்துக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர்களும் இறங்கிப் பந்தல் நிழலுக்கு வந்துவிட்டார்கள்.

திருப்பத்தில், பின்வரிசையின் கடைசிப் பந்தல்காலைப் பலவேசம் அண்ணாச்சி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கம், இந்த ஒரு காலை மட்டும் இப்பிடியே விட்டுருவமா? ஒரு ஞாபகத்துக்கு."

"முன்னால அம்மனுக்கு வெயிலடிக்கி, அண்ணாச்சி," என்று சொல்லி, புதுத்தோல் முளைத்த கட்டைவிரலால் தங்கம் முடிச்சைச் சுண்டினாள்.